தைராய்டு கூடிருச்சாம்லா! – டி.எஸ்.எச் என்ற எண்ணின் வரலாறு

ஆழ்வார்திருநகரி என்றதும் நம்மாழ்வாரும் அவர் இருந்த புளியமரமும்தான் நினைவுக்கு வரும். நெல்லையிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில், தாமிரபரணிக் கரையில், வாழையும் நெல்லும் சூழ்ந்த ஊர். இந்த ஊரிலும், தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே, காலையில் காபிக்கு முன்னால் ஒரு சின்ன மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்குகிறவர்கள் இன்று இருக்கிறார்கள். சென்னை உட்பட இந்தியாவின் எட்டு நகரங்களில் 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், சுமார் 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு இருப்பது தெரிந்தது. அதாவது ஒன்பது பேரில் ஒருவர்!

இப்படி மாத்திரை எடுப்பவர் சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கிறார். ஒரு தாள் வருகிறது. டி3, டி4, டி.எஸ்.எச் என்று மூன்று வரிகள். டி.எஸ்.எச் வரியில் 7.2 என்று தடித்த எழுத்தில் இருந்தால் போதும், வீட்டில் பேச்சு கிளம்பிவிடும். “தைராய்டு கூடிருச்சாம்லா!” அடுத்த யோசனை, “அப்போ மாத்திரையக் கொறைச்சிருவோமா?”

இங்கேதான் சிக்கல். டி.எஸ்.எச் கூடினால் தைராய்டு கூடவில்லை, குறைந்திருக்கிறது. மாத்திரை போதவில்லை, அல்லது உடம்பில் சரியாகச் சேரவில்லை என்று பொருள். அதைப் பார்த்து மாத்திரையைக் குறைப்பது, அடுப்பு அணையும்போது விறகை உருவுவது போல. ஏன் இப்படி ஒரு தலைகீழ் எண்ணை மருத்துவ உலகம் தேர்ந்தெடுத்தது? அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கதை இருக்கிறது.

1883-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அறுவை மருத்துவர் தியோடர் கோச்சர், கழுத்துக் கழலைக்காகத் தைராய்டை முழுவதும் அகற்றிய தன் பழைய நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்தார். பலரும் வீங்கி, மந்தமாகி, பேச்சு குழறிப் போயிருந்தார்கள். உபயோகமில்லாத சதை என்று நினைத்த சுரப்பிக்கு வேலை இருக்கிறது என்பது அப்படித்தான் புரிந்தது.

1891-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் முர்ரே என்ற இளம் மருத்துவர், ஆட்டின் தைராய்டைப் பிழிந்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசி மூலம் செலுத்தினார். அந்தப் பெண் தேறினார். தேறியதோடு 1919 வரை, 74 வயது வரை வாழ்ந்தார். அதற்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு செலவானதாக முர்ரே பிறகு கணக்குச் சொன்னார். மறு ஆண்டே ஊசி தேவையில்லை, வாய்வழியே சாப்பிட்டாலும் வேலை செய்யும் என்று தெரிந்தது. ஆட்டுத் தைராய்டை லேசாக வறுத்துப் பழக்கூழோடு கொடுத்தார்களாம். இன்றைய மாத்திரைக்கு மூதாதை அந்த வறுவல்தான்.

1914 கிறிஸ்துமஸ் நாளன்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டால் அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். சுமார் 3 டன் பன்றித் தைராய்டிலிருந்து கிடைத்தது 33 கிராம். அதுதான் தைராக்ஸின், ரிப்போர்ட்டில் வரும் டி4. 1920-களின் பிற்பகுதியில் லண்டனில் ஹாரிங்டன் அதன் அமைப்பைக் கண்டுபிடித்து, ஆய்வகத்திலேயே செய்தும் காட்டினார்.

ஆக, மருந்து வந்துவிட்டது. ஆனால் எவ்வளவு கொடுப்பது? இதுதான் அடுத்த அரை நூற்றாண்டின் தலைவலி.

முர்ரே காலத்தில் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். முகவீக்கம் வற்றியதா, முடி முளைத்ததா, பேச்சு தெளிந்ததா. பிறகு நோயாளியைக் காலையில் பட்டினியாகப் படுக்கவைத்து, எவ்வளவு ஆக்ஸிஜன் செலவாகிறது என்று அளந்தார்கள். பயத்தில் இதயம் கொஞ்சம் வேகமாக அடித்தாலே அந்தக் கணக்கு மாறிவிடும். குதிகால் நரம்பைத் தட்டிக் கால் எவ்வளவு நேரத்தில் தளர்கிறது என்று பார்த்தவர்களும் உண்டு (தைராய்டு குறைந்தவர்களுக்கு மெதுவாகத் தளரும்). 1940-களுக்குப் பிறகு ரத்தப் புரதத்தோடு ஒட்டியிருக்கும் அயோடினை அளக்கும் சோதனை வந்தது. அயோடின் கலந்த இருமல் மருந்து குடித்திருந்தால் அதுவும் பொய் சொல்லும்.

திருப்பம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. நியூயார்க்கில் ரோசலின் யாலோ என்ற இயற்பியலாளரும் சாலமன் பெர்சன் என்ற மருத்துவரும் இன்சுலினை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். 1950-களின் இறுதியில் அவர்கள் உருவாக்கிய முறைக்கு ரேடியோ இம்யூனோ அஸ்ஸே என்று பெயர். தத்துவம் எளிது. திருச்செந்தூர் பஸ்ஸில் இருக்கைகள் குறிப்பிட்ட எண்ணிக்கைதான். சிவப்புச் சட்டை போட்ட இருபது பேரை முதலிலேயே கூட்டத்தோடு கலந்து விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்கூட்டம் அதிகமென்றால் சிவப்புச் சட்டைக்காரர்கள் சிலருக்குத்தான் இடம் கிடைக்கும். கூட்டம் குறைவென்றால் பெரும்பாலோர் உட்கார்ந்துவிடுவார்கள். சிவப்புச் சட்டையை எண்ணினாலே கூட்டத்தைக் கணக்கிடலாம். இருக்கை என்பது எதிர்ப்புரதம், சிவப்புச் சட்டை என்பது கதிரியக்க அடையாளம் ஒட்டிய ஹார்மோன். அவ்வளவுதான். இருவரும் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பெர்சன் 1972-இல் இறந்துவிட, 1977-இல் யாலோவுக்கு மட்டும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த முறையால் 1965-இல் டி.எஸ்.எச்-ஐ ரத்தத்தில் அளக்க முடிந்தது. டி.எஸ்.எச் தைராய்டில் சுரப்பது அல்ல. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு அது. ரத்தத்தில் டி4 குறைந்தால் பிட்யூட்டரி சத்தமாகக் கத்தும். டி4 நிறைந்தால் குரலைத் தாழ்த்தும். அதனால்தான் எண் தலைகீழ். டி4-ஐ நேரடியாக அளந்தால் போதாதா என்றால், டி4 கொஞ்சம் அசைந்தாலே டி.எஸ்.எச் பல மடங்கு மாறும். டி4 ‘இயல்பு’ எல்லைக்குள் இருக்கும்போதே டி.எஸ்.எச் எகிறிவிடும். சின்ன ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும் பூதக்கண்ணாடி போல அது.

ஆனால் அந்தப் பழைய சோதனைக்கு ஒரு குருட்டுப் பக்கம் இருந்தது. கூடுதலான டி.எஸ்.எச் அதில் தெரியும். குறைவானது தெரியாது. இயல்பான 1-க்கும் மிகக் குறைந்த 0.05-க்கும் அதனால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. அதாவது மாத்திரை போதவில்லை என்றால் தெரியும், அதிகமாகிவிட்டது என்றால் தெரியாது! அந்தக் காலத்தில் ஒருவருக்கு நாளுக்கு 200, 300 மைக்ரோகிராம் கொடுப்பது சாதாரணம்.

1980-களில் இரண்டு எதிர்ப்புரதங்கள் டி.எஸ்.எச்-ஐ இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும் புதிய முறை வந்தது. இதில் இருக்கைப் போட்டி இல்லை, பிடிபட்டதை மட்டும் எண்ணினால் போதும். எனவே மிகக் குறைந்த அளவும் தெரிந்தது. தெரிந்ததும் ஓர் அதிர்ச்சி. நன்றாக இருக்கிறார்கள் என்று நினைத்த எத்தனையோ நோயாளிகளின் டி.எஸ்.எச் அடியோடு அமுங்கிக் கிடந்தது. பல ஆண்டுகளாக அளவுக்கு மீறி மருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அது சும்மா போகும் விஷயமும் அல்ல. அமெரிக்காவின் பிரேமிங்காம் ஆய்விலிருந்து 1994-இல் வந்த முடிவு, 60 வயது தாண்டியவர்களில் டி.எஸ்.எச் மிகவும் அமுங்கியிருந்தவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும் நோய் வர வாய்ப்பு மூன்று மடங்கு என்றது. எலும்பு தேய்வதும் தெரிந்தது. அதன் பிறகே டோஸ் இறங்கியது. இன்று சுரப்பி முற்றிலும் வேலை செய்யாத பெரியவருக்குக்கூட உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பதே தொடக்கக் கணக்கு. 60 கிலோ எடைக்கு 100-க்குப் பக்கம். மருந்து மாறவில்லை, அளவுகோல் மாறியது. இந்த வரலாற்றில் மிக முக்கியமான இடம் இதுதான்.

இந்தச் சோதனை இந்தியாவில் எளிய மக்களுக்கு எட்டிய கதையில் ஒரு தமிழருக்குப் பெரிய பங்கு உண்டு. அணுசக்தித் துறை 1963-இல் மும்பை பரேலில் கதிரியக்க மருத்துவ மையத்தைத் தொடங்கியது. தைராய்டு ஆராய்ச்சியும் சோதனையும் அங்கே வளர்ந்தன. கோவை மாவட்டம் அப்பநாயக்கன்பட்டி புதூரில் நிலமில்லாத விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஆ.வேலுமணி, 1980-களில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் வேலைக்குச் சேர்ந்து, தைராய்டு பற்றியே ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். அரசு வேலையை விட்டுவிட்டு 1996-இல் மும்பை பைகுல்லாவில் ஒரு சிறிய இடத்தில் தைரோகேர் நிறுவனத்தைத் தொடங்கினார். ஊர் ஊராக ரத்த மாதிரிகளைச் சேகரித்து விமானத்தில் மும்பைக்குக் கொண்டுபோய், ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் சோதித்து விலையைக் குறைப்பது அவர் வழி. 2021-இல் அந்த நிறுவனத்தில் தன் பங்கை விற்றார். சோதனை மலிவானது பெரிய காரியம். அதைப் படித்துச் சொல்ல ஆள் பெருகினார்களா என்பது வேறு கேள்வி.

ஏனென்றால், தாளின் ஓரத்தில் அச்சாகும் 0.4 முதல் 4 வரை என்ற எல்லை, நோய் இல்லாதவர்களை வைத்துப் போட்ட கணக்கு. மாத்திரை சாப்பிடுகிறவர் அந்த எண்ணைப் படிக்கும்போது இன்னும் சில விஷயங்கள் சேரும்.

முதலாவது காலம். டி4 உடம்பில் பாதியாகக் கரைய ஒரு வாரம் ஆகும். அளவை மாற்றினால் புதிய நிலைக்கு வர ஐந்தாறு வாரம் பிடிக்கும். பிட்யூட்டரி அதற்குப் பிறகுதான் நிதானத்துக்கு வரும். டோஸ் மாற்றிப் பத்தே நாளில் எடுத்த டி.எஸ்.எச் பழைய கதையைத்தான் சொல்லும். சோதனைக்கு முந்தைய வாரம் மட்டும் ஒழுங்காக மாத்திரை போட்டவருக்கு டி4 நன்றாகவும், டி.எஸ்.எச் கூடுதலாகவும் வருவது இதனால்தான். டாக்டர் கண்டுபிடித்துவிடுவார்!

நேரமும் உண்டு. மாத்திரை விழுங்கிய இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் ரத்தத்தில் டி4 உச்சத்தில் இருக்கும். ஆகவே ரத்தம் கொடுத்த பிறகு அன்றைய மாத்திரையை எடுப்பதே பொதுவான வழக்கம். டி.எஸ்.எச்-க்கு அந்த ஒரு மாத்திரையால் பெரிய மாற்றம் இல்லை. காபி, சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை இவை மருந்து சேர்வதைத் தடுக்கும். காபியை அரை மணி நேரமாவது தள்ளிவைக்க வேண்டும். மற்ற இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி சொல்வார்கள்.

டி4 எல்லையின் மேல்பக்கம் ஒட்டியிருந்தால் பலர் பயப்படுகிறார்கள். 1970-இல் பிரேவர்மன், இங்பார், ஸ்டெர்லிங் மூவரும், தைராய்டே இல்லாதவர்களுக்கு டி4 கொடுத்தாலும் உடம்பு அதை டி3 ஆக மாற்றிக்கொள்கிறது என்று காட்டினார்கள். டி4 மாத்திரை ஒன்றே போதும் என்ற இன்றைய வழக்கத்துக்கு அதுதான் அடிப்படை. ஆனால் நல்ல சுரப்பி கொஞ்சம் டி3-ஐயும் நேரடியாகச் சுரக்கும், மாத்திரையில் அது இல்லை. அதனால் டி.எஸ்.எச் சரியாக உள்ள மாத்திரைக்காரருக்கு டி4 சற்றுக் கூடுதலாகவும் டி3 சற்றுக் குறைவாகவும் இருப்பது வழக்கமே. எல்லா எண்ணும் சரி, ஆனாலும் அசதி போகவில்லை என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு டி3-யும் சேர்த்துக் கொடுத்தால் நல்லது என்று 1999-இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னால் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அதை உறுதிசெய்யவில்லை. விவாதம் இன்னும் முடியவில்லை.

உப்பு பற்றியும் ஒரு வார்த்தை. தூத்துக்குடி உப்பளங்கள் பக்கத்தில் இருக்க, அயோடின் உப்பும் சாப்பிட, பிறகும் ஏன் இந்த நோய்? அயோடின் குறைவால் வரும் கழலை வேறு. இன்று மாத்திரை எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவதுதான் காரணம். 1912-இல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோவின் பெயரே நோய்க்கும் நின்றது. இதற்கு உப்பைக் கூட்டிப் பயனில்லை.

எண் ஒன்றேயானாலும் ஆளுக்கு ஆள் பொருள் வேறு. தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை முடிந்த சிலருக்கு டி.எஸ்.எச்-ஐ வேண்டுமென்றே அமுக்கி வைப்பார்கள். அவர்களிடம் 0.1 என்பது தவறு அல்ல, இலக்கு. கர்ப்பிணிகளுக்கு மாத்திரைத் தேவையே ஏறும், எல்லையும் வேறு. வயதானவர்களுக்கு டி.எஸ்.எச் இயல்பாகவே சற்று உயரும். பிரசவத்தில் அதிக ரத்தம் போய்ப் பிட்யூட்டரியே பழுதான பெண்களுக்கு (ஷீஹான் நோய்) டி.எஸ்.எச் எண்ணால் பயனே இல்லை. கத்த வேண்டிய தொண்டையே போய்விட்டது, மௌனத்தைப் பார்த்து எல்லாம் நலம் என்று எப்படிச் சொல்வது? அவர்களுக்கு டி4-ஐத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக வந்த சிக்கல் முடி வளர்ச்சி மாத்திரைகளிலிருந்து. அவற்றில் உள்ள பயோட்டின் என்ற வைட்டமினையே பல ஆய்வகக் கருவிகள் சோதனையில் பசை போலப் பயன்படுத்துகின்றன. அதை அதிகமாகச் சாப்பிட்டவரின் ரத்தத்தில் டி.எஸ்.எச் பொய்யாகக் குறைவாகவும் டி4 பொய்யாகக் கூடுதலாகவும் வரலாம். 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுபற்றி எச்சரிக்கை விட்டது. முடி கொட்டுவது தைராய்டு குறைவின் அறிகுறிகளில் ஒன்று. அதற்காகவே அந்த மாத்திரையை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள், ரத்தம் கொடுக்கப் போகும் முன் அதை டாக்டரிடம் சொல்லி, இரண்டு நாளாவது நிறுத்திவைப்பது நல்லது.