மதிலுக்குள் இருந்த மான்

சீனப் பெருநிலத்தை மூன்று படிகளாகக் காண்பது புவியியலாரின் வழக்கம். மேற்கே நாலாயிரம் மீட்டருக்கும் மேல் உயர்ந்த திபெத்தியப் பீடபூமி முதற்படி. நடுவே மஞ்சள்மண் மேடும் சிச்சுவான் வடிநிலமும் இரண்டாம் படி. கிழக்கே கடலோரம் வரை தாழ்ந்து கிடக்கும் சமவெளிகள் மூன்றாம் படி. மஞ்சள் ஆறும் யாங்சியும் இப்படிகளில் இறங்கியே கடலைச் சேர்கின்றன.

மஞ்சள்மண் மேடு என்பது காற்று குவித்த நுண்மண். மழையில் எளிதில் கரையும் அம்மண்ணை ஆறு சமவெளிக்குக் கொணர்ந்து இறக்குகிறது. படுகை உயர உயர மக்களும் கரையை உயர்த்துகின்றனர். முடிவில் வயல்களுக்கு மேலே ஆறு ஓடுகிறது! 1855இல் கரையை உடைத்த மஞ்சள் ஆறு, ஷாண்டோங் தீபகற்பத்தின் தெற்கே கடலில் கலந்துவந்த வழியை விட்டு வடக்கே திரும்பிற்று. 1887 வெள்ளத்தில் மாண்டோர் ஒன்பது லட்சத்துக்கும் மேல் என மதிப்பிடுவர்.

இச்சமவெளிகளின் சதுப்புகளில் வாழ்ந்தது மிலு என்னும் மான். மாட்டின் குளம்பு, மானின் கொம்பு, கழுதையின் வால் என எல்லாம் இருந்தும் எதிலும் சேராதது என்பதால், 'நான்கும் அல்லாதது' என்ற பெயரும் அதற்கு உண்டு. 'மென்சியஸ்' நூலின் தொடக்கத்திலேயே இம்மான் வருகிறது. பூங்காக் குளத்தருகே நின்று பறவைகளையும் மான்களையும் கண்டு மகிழும் மன்னனிடம், மக்களோடு பகிர்ந்துகொள்ளாத பூங்காவின் இன்பம் நிலைக்காது என்கிறார் மென்சியஸ். இம்மானின் பிற்கால வரலாறு அவ்வறிவுரைக்கு எழுதப்பட்ட உரை போலவே அமைந்துவிட்டது.

சதுப்புகள் வயல்களாயின, வேட்டையும் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெய்ஜிங்கின் தெற்கே, நான்ஹாய்சி என்னும் அரச வேட்டைக்காட்டின் மதிலுக்குள் மட்டுமே ஒரு மந்தை எஞ்சியதாகத் தெரிகிறது. 1865இல் பிரெஞ்சுப் பாதிரியார் அர்மான் டேவிட் அதைக் கண்டார். மறு ஆண்டு பாரிசில் அதற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. சில மான்கள் ஐரோப்பிய விலங்குக்காட்சிச் சாலைகளுக்கும் சென்றன.

வேட்டைக்காட்டின் அருகே ஓடும் யோங்டிங் ஆறும் மண் சுமந்து வருவதே. அடிக்கடி தடம் மாறிய அதைக் கரைகட்டி அடக்கிய பேரரசர் காங்சி, 1698இல் 'என்றும் நிலைத்தது' எனப் பொருள்படும் இப்பெயரை இட்டார். ஆறு அப்பெயருக்குக் கட்டுப்படவில்லை. 1890களின் நடுவில் பெருகிய வெள்ளம் வேட்டைக்காட்டின் மதிலை உடைத்தது. வெளியேறிய மான்களைப் பசியால் வாடிய மக்கள் கொன்று தின்றனர். எஞ்சியவை 1900இல், பாக்ஸர் கிளர்ச்சியை ஒடுக்க வந்த அந்நியப் படைகளின் கையில் அழிந்தன.

இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட் கோமகன், ஐரோப்பாவில் சிதறிக் கிடந்த மிலுக்களைத் தம் வோபர்ன் தோட்டத்தில் திரட்டினார். அவை பதினெட்டே. இன்று வாழும் மிலுக்கள் யாவும் அம்மந்தையின் வழித்தோன்றல்கள். 1985இல் அவற்றுள் சில நான்ஹாய்சிக்கே திரும்பின. 1990களின் முற்பகுதியில் ஹூபெய் மாகாணத்தில், யாங்சிக் கரையின் ஷிஷோவிலும் ஒரு மந்தை விடப்பட்டது.

1998இல் யாங்சி பெருகியது. அவ்வாண்டு வெள்ளத்தில் சீனாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே வெள்ளத்தில் ஷிஷோவின் காப்பகத்திலிருந்து சில மிலுக்கள் வெளியேறின. அவற்றுட் சில ஆற்றை நீந்திக் கடந்து ஹூனானின் டோங்டிங் ஏரிப் பகுதியை அடைந்தன. இம்முறை அவை அழியவில்லை, பெருகின. மதிலோ மேய்ப்பரோ இன்றி அங்கு மிலு மந்தைகள் வாழ்கின்றன.

அகன்ற குளம்பும் நீந்தும் ஆற்றலும் கொண்ட இவ்விலங்குக்கு வெள்ளம் புதிதன்று. முதல் வெள்ளத்தில் அதைக் கொன்றது நீர் அன்று. ஒரே மதிலுக்குள் ஓரினம் முழுதும் அடைபட்டிருந்ததும், மதிலுக்கு வெளியே மக்கள் பட்டினி கிடந்ததுமே. 1998க்குப் பின் சீன அரசு யாங்சியின் மேற்பகுதிக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடுத்தது. ஏரிகளைத் தூர்த்து அமைத்த வயல்களிற் சிலவற்றை மீண்டும் நீருக்கே விட்டது. கரையை உயர்த்துவதையே ஈராயிரம் ஆண்டுகளாகப் பழகிய நாடு, ஆற்றுக்கும் சிறிது இடம் வேண்டும் என்று ஒப்புக்கொண்ட தருணம் அது. அந்த இடத்தில்தான் மிலுவுக்கும் வாழ்வு.