கப்பலை அடைத்த கண்ணாடி

சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் நடந்து செல்கிறவனிடம், வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் அந்த வீதி ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்தது என்று சொன்னால் எளிதில் நம்பமாட்டான். மலாயில் 'தெலுக்' என்றால் விரிகுடா, 'ஆயர்' என்றால் நீர். 1879-இல் இங்கே கடலைத் தூர்க்கும் வேலை தொடங்கும் வரையில், நங்கூரம் பாய்ச்சிய கப்பல்களிலிருந்து படகேறி வந்தவர்களின் பாதம் முதலில் பட்ட மண் இந்த வீதியின் ஓரந்தான். அதனாலேயே பதினைந்து ஆண்டுகளுக்குள் கூப்பிடு தூரத்தில் மூன்று வழிபாட்டு ஸ்தலங்கள் இங்கே எழுந்தன: 1827-இல் வெறும் குடிசையாகத் தோன்றியமையால் குச்சுப் பள்ளி என்று தமிழ் முஸ்லிம்கள் பெயரிட்டழைத்த அல்-அப்ரார் பள்ளிவாசல், 1828-க்கும் 1830-க்கும் இடையே கட்டப்பெற்ற நாகூர் தர்கா, ஹொக்கியன் சீனர்கள் கடல் தேவதை மாஜோவுக்கு 1842-இல் கட்டி முடித்த தியன் ஹொக் கெங் ஆலயம்.

நெடும் பிரயாணம் மனிதனைத் தன் அகத்தை நோக்கச் செய்யும் என்பதை மேனாட்டார் நாட்குறிப்புகளில் பக்கம் பக்கமாக எழுதிவைத்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து புறப்பட்ட நம்மவர்களில் பெரும்பாலோர் எழுதவில்லை, நேர்ந்துகொண்டார்கள். காற்றுத் திரும்பிப் பாய்மரம் முனகும் இரவில், மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, "கரை சேர்ந்தால் இதைச் செய்கிறேன்" என்று ஒருவன் மனத்துக்குள் சொல்லும்போது, தனக்கு உயிரினும் பெரியது எது, யாருக்குத் தான் கடன்பட்டிருக்கிறான், எந்தப் பிழையை நினைத்து அஞ்சுகிறான் என்ற விசாரங்களையெல்லாம் அந்த ஒரு முடிச்சுக்குள் அவன் அடக்கியாக வேண்டும். ஆத்ம பரிசோதனை என்று நாம் பெரிய பெயர் சூட்டும் காரியத்தை இந்தச் சம்பிரதாயம் ஓசைப்படாமல் செய்துவந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நாகூர் ஆண்டவர் எனப் போற்றப்படும் ஷாகுல் ஹமீது அவர்கள், நாவிதரிடம் முகம் மழித்துக்கொண்டிருந்த வேளையில் நடுக்கடலில் ஒரு கப்பலில் ஓட்டை விழுந்ததை உணர்ந்து, கையிலிருந்த கண்ணாடியை வீசி எறிய, அது பறந்து சென்று அந்த ஓட்டையை அடைத்தது என்பது ஐதிகம். முகம் பார்க்கும் கண்ணாடியே கப்பலைக் காத்தது என்று கதை கட்டிய மனத்தின் நுட்பத்தை நான் பலமுறை வியந்ததுண்டு. அவர் அடங்கியிருப்பது நாகூரில்; சிங்கப்பூரில் இருப்பது நினைவாலயம் மட்டுமே. 1827-இல் காதர் பிள்ளை என்பவருக்கு, விற்கக் கூடாதென்ற நிபந்தனையோடு வழங்கப்பட்ட மனையில், கீழே ஐரோப்பிய பாணிச் சுவர்த்தூண்களும் மேலே சிறு சிறு வளைவுகளும் நான்கு மூலைகளிலும் அடுக்கடுக்கான மனோராக்களுமாக அது நிற்கிறது. ஊரை நினைவிலிருந்து வரைந்தவன் கைச்சித்திரம் போலச் சற்றே பிசகிய அழகு அதற்கு.

1819-இல் பினாங்கிலிருந்து ஆங்கிலேய அதிகாரி ராபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளைக்கும் கோயிலுக்கென முதலில் காட்டப்பட்ட இடம் இந்தத் தெருவே. பூஜைக்கு நன்னீர் இல்லையென்று அதை விட்டு, வேறோர் இடமும் பொருந்தாமற்போக, 1823-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிலம் பெற்று, 1827-இல் மரமும் அத்தாப்பு ஓலையுமாக மாரியம்மன் கோயிலை எழுப்பினார். செங்கல் சூளை வைத்துப் பிழைத்தவர் கட்டிய முதற்கோயில் ஓலைக்கோயிலாக இருந்தது விநோதந்தான். எல்லோரும் அவரைப் போலத் தாமாக விரும்பி வந்தவர்களும் அல்லர்; 1825-இல் சுமாத்திராவின் பென்கூலனிலிருந்து கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகளோ, புறப்படும் நாளைக்கூடத் தாமாகக் குறித்தவர்களல்லர்.

நேர்ந்துகொண்டதோடு நில்லாமல், தம் பிரயாணத்தை எழுதிவைத்தவரும் ஒருவர் உண்டு. முன்னோர்களில் ஒருவர் யேமனிலிருந்து வந்து நாகூரில் மணம்புரிந்தவர், தாமோ மலாக்காவில் பிறந்து, வணிகக் கணக்குக்குத் தமிழ் வேண்டுமென்று தந்தையார் அனுப்ப, இளமையில் தமிழும் கற்றவர், முன்ஷி அப்துல்லா. 1838-இல் சிங்கப்பூரிலிருந்து கிளந்தானுக்குக் கடிதங்கள் கொண்டுசென்ற பிரயாணத்தை, கடற்கொள்ளையரைப் பற்றிய தம் அச்சத்தையும் மறைக்காமல் மலாய் மொழியில் எழுதினார். 1854-இல் மக்காவுக்குப் புறப்பட்டு, அந்தப் பயணத்திலேயே காலமானபோது, அந்த யாத்திரைக் குறிப்பு பாதியில் நின்றது.

நீராவிக் கப்பல்கள் வந்தபிறகும் முடிச்சு போடும் வழக்கம் ஓயவில்லை. 1926-இல் கட்டப்பெற்ற ரஜூலா, சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு, பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. அதன்பின் வந்த எம்.வி. சிதம்பரம், 1985 பிப்ரவரியில் தீப்பற்றியதோடு அந்தக் கடல்வழியும் முடிந்தது. சென்ற ஆண்டு, தேக்காச் சந்தையில் ஒரு பெரியவரோடு மேசையைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. பதினெட்டு வயதில் ரஜூலாவின் மேல்தளத்தில், பாய் விரித்த அளவே தம் இடமாக, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு வந்தவராம் அவர். மூன்றாம் நாள் கடல் பொங்கியபோது காசு முடிந்ததாகச் சொன்னார்.

"என்ன வேண்டிக்கொண்டீர்கள், ஐயா?" என்று கேட்டேன்.

"அது எனக்கும் அந்த ஆண்டவருக்கும் உள்ள கணக்கு, தம்பி" என்று சொல்லிவிட்டு, அவர் டீயை ஆற்றத் தொடங்கினார்.