பதினெட்டாவது பிறந்தநாளுக்குப் பிறகு



பலெர்மோ மத்திய ரயில் நிலையத்தின் வளைவுகளுக்குக் கீழே படுத்திருப்பவர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். 1990களின் தொடக்கத்தில் பியாஜோ கொந்தே என்ற இந்நகரத்து மனிதர் அவர்களோடு போய்த் தங்கினார். பின்னர் வியா ஆர்க்கிராபியில் அவர்களுக்கு ஓர் இல்லம் அமைத்தார். 2023 ஜனவரி 12 அன்று காலமானார். அவருடைய கருணை தெருவில் கிடந்தவர்களுக்குப் படுக்கை கொடுத்தது. ஆனால் ஓர் இளைஞர் தெருவுக்கு வராமலே தடுப்பது அரசின் வேலை. அந்த வேலையில் இத்தாலி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதே இன்றைய பேச்சு.

இந்நாட்டில் சிறுவர் நீதிமன்றங்கள் 1934இல் அமைந்தன. அக்காலத்தில் ஒருவர் வயது வந்தவராவது 21இல். 1975 மார்ச்சில் வந்த சட்டம் அதை 18 ஆகக் குறைத்தது. பெற்றோர் வீட்டில் இருந்த பிள்ளைக்கு அது உரிமை. காப்பகத்தில் இருந்த பிள்ளைக்கோ பாதுகாப்பு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே முடிந்தது. பராமரிப்பை 21 வரை நீட்டிக்கும் அதிகாரம் பழைய சட்டத்தில் இருந்தாலும், அது தவறான பாதையில் போன சிறுவர்களைக் கருதி எழுதப்பட்டது.

2016இல் மட்டும் 25,846 சிறுவர்கள் துணையின்றிக் கடல் வழியாக இத்தாலிக்கு வந்தார்கள். சிசிலித் துறைமுகங்களில் இறங்கியவர்கள் ஏராளம். பல இடங்களில் ஒரே அதிகாரி பெருந்தொகையான பிள்ளைகளுக்குப் பாதுகாவலராக இருந்தார். கையெழுத்துப் போடலாம், முகம் தெரியாது.

2017ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம் இதை மாற்றியது. அதை முன்னெடுத்த நாடாளுமன்ற உறுப்பினர் சாந்த்ரா சம்பாவின் பெயராலேயே அது அறியப்படுகிறது. அதன்படி தன்னார்வப் பாதுகாவலர் ஒருவர் பொதுவாக மூன்று பிள்ளைகளுக்கு மேல் பொறுப்பேற்க முடியாது. 18 நிறைந்தும் ஆதரவு தேவைப்படுபவரை 21 வயது வரை சமூக சேவைப் பிரிவின் பராமரிப்பில் விட நீதிமன்றம் ஆணையிடலாம்.

எழுதிய உரிமைக்குப் பக்கத்தில் ஒரு தொகை எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது கணக்காளனான என் வழக்கம். அதே ஆண்டு இறுதியில் வந்த வரவு செலவுச் சட்டம், நீதிமன்ற ஆணையால் குடும்பத்தைப் பிரிந்து வளர்ந்த இளைஞர்களுக்காக 2018, 2019, 2020 ஆகிய ஆண்டுகளுக்குத் தலா 50 லட்சம் யூரோ ஒதுக்கியது. முழு நாட்டுக்கும் இது சிறு தொகைதான். என்றாலும் 18க்குப் பிறகான வாழ்க்கைக்கென்று ஒரு தலைப்பு கணக்கில் ஏறியது.

ஏறியது இறங்கவும் கூடும். 2023ஆம் ஆண்டின் 133ஆம் இலக்க ஆணை, இடம் இல்லாதபோது 16 வயதுக்கு மேற்பட்டவரைப் பெரியவர்களின் முகாமில் 90 நாள் வரை வைக்கவும், மேலும் 60 நாள் நீட்டிக்கவும் வழி செய்தது.

நேயர்களே, பராமரிப்பை நீட்டிக்கக் கேட்பதற்கான வேலையை 18 நிறைவதற்கு முன்பே தொடங்க வேண்டும். அதை நினைவில் வைத்திருந்து அலுவலகம் ஏறி இறங்க ஒரு பெரியவர் வேண்டும். 25 வயது நிறைந்து, சட்டப்படி இங்கு வசித்து, இத்தாலிய மொழி அறிந்தவர்கள் குடியுரிமை இல்லாவிட்டாலும் பயிற்சி பெற்றுப் பாதுகாவலராகலாம். மொழி தெரியாமல் இந்த ஊரில் வந்து இறங்குவது எப்படியிருக்கும் என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்களில் சிலராவது முன்வாருங்கள்.