எரிபொருட் சந்தையும் ஊக வாணிபமும்

முன்பேர வாணிபம் தானியச் சந்தையிலே பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சிக்காகோ நகரிலே, பின்னொரு நாளிற் கைமாறவிருக்கும் கோதுமைக்கு இன்றே விலைபேசி வைத்துக்கொண்டோர், விலை வீழ்ச்சியினின்றும் விலையேற்றத்தினின்றும் தம்மைக் காத்துக்கொள்ளவே அவ்வாறு செய்தனர். ஆயின் கோதுமையை விளைவிக்காதவனும் அரைக்காதவனும் விலையின் ஏற்றத்தாழ்வை மட்டும் நம்பி அவ்வொப்பந்தங்களை வாங்கி விற்கத் தலைப்பட்டான். இவ்வூக வாணிகன் முற்றிலும் வேண்டாதவன் அல்லன். ஒருவர் இறக்கிவைக்கும் இடரை ஏற்க மற்றொருவர் வேண்டுமன்றோ? அவன் கை சந்தையையே அடக்கும்போதுதான் கேடு தொடங்குகின்றது. பெருமந்தத்தின் துயரை அநுபவித்த அமெரிக்கா, 1936ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய ஊக ஒப்பந்தங்களுக்கு உச்ச அளவு விதிக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தமைக்கு இதுவே காரணம்.

நியூயோர்க் பண்டச் சந்தையிலே மசகெண்ணெய் 1983இலும் இயற்கை வாயு 1990இலும் முன்பேர வாணிபத்துக்கு வந்தன. கோதுமைக்கு இருந்த காவல் இவற்றுக்கு நிலைக்கவில்லை. 1993 ஜனவரியில், வெண்டி கிராம் தலைமையிலான பண்ட முன்பேர வாணிப ஆணைக்குழு, எரிபொருள் ஒப்பந்தங்கள் பலவற்றைத் தன் மேற்பார்வையினின்றும் விடுவித்தது. பதவி நீங்கிய சில வாரங்களில் அவர் என்றோன் கம்பனியின் பணிப்பாளர் சபையில் அமர்ந்தார். 2000ஆம் ஆண்டுச் சட்டம், பெருவணிகர் தமக்குள் மின்னணுச் சந்தைகளிற் செய்யும் எரிபொருள் வாணிபத்தையும் விடுவித்தது. அச்சட்டத்தை முன்னின்று ஆதரித்தோருள் ஒருவர் வெண்டி கிராமின் கணவரான செனற்றர் பில் கிராம். இதற்கு மேலும் விளக்கம் வேண்டியதில்லை. அந்நாட்டார் இவ்விதிவிலக்குக்கு ‘என்றோன் ஓட்டை’ என்றே பெயரிட்டனர். என்றோன் 2001 டிசெம்பரில் முறிந்தது; ஓட்டை எஞ்சிற்று.

அதன் அகலத்தை 2006ஆம் ஆண்டு காட்டிற்று. அமரந்த் என்னும் முதலீட்டு நிதியம், அவ்வாண்டுக் குளிர்காலத்துக்குரிய இயற்கை வாயு ஒப்பந்தங்களை நியூயோர்க் சந்தையில் மலைபோற் குவித்திருந்தது. ஓகஸ்ட் மாதத்திற் சந்தை அதிகாரிகள், குவித்தவற்றைக் குறைக்குமாறு பணித்தனர். அமரந்த் பணிந்தது, அங்கே குறைத்ததை இன்ரர்கொன்ரினென்ரல் எக்ஸ்சேஞ்ச் என்னும் மின்னணுச் சந்தையிலே மீண்டும் குவித்தது. அங்கே அளவு கேட்போர் எவருமிலர். முன்வாசலிற் காவலனை நிறுத்திவிட்டுப் புழக்கடையைத் திறந்துவைத்தாற் காவலால் ஆவதென்ன? செப்டெம்பரில் விலை சரிந்து, அந்நிதியம் 600 கோடி டொலருக்கு மேல் இழந்து வீழ்ந்தது. அதன் வீழ்ச்சிக்காக நாம் கண்ணீர் வடிக்கவேண்டியதில்லை. எனினும் அது உயர்த்திவைத்த விலையிலே குளிர்காலத்துக்கான வாயுவை முற்கூட்டியே வாங்கிய நகரசபை வாயு நிலையங்களும் இருந்தன. அச்சுமை வீடுகளின் கட்டணச் சீட்டுகளில் இறங்கிற்று. 2007இற் செனற் உபகுழுவொன்று இவற்றை விரிவாக வெளிக்கொணர்ந்தது. 2008இலே அவ்வோட்டையின் பெரும்பகுதி அடைக்கப்பட்டது.

அதே ஆண்டு ஜூலையில் மசகெண்ணெய் பீப்பாய் ஒன்று 147 டொலரைத் தொட்டு, டிசெம்பரில் 40 டொலருக்கும் கீழே வீழ்ந்தது. இதில் ஊக வாணிபத்தின் பங்கு எவ்வளவு என்பதிற் பொருளியலாளர் இன்றும் ஒருமைப்படவில்லை. சீனா முதலிய நாடுகளிற் பெருகிய தேவையையும் மறத்தலாகாது. ஆனால் அவ்வேற்ற இறக்கத்திற் சிக்கியோருள் நாமும் ஒருவர். விலையேற்றத்துக்கு அஞ்சிய இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 2007 முதல் வங்கிகளோடு தனி ஒப்பந்தங்கள் செய்திருந்தது. விலை ஏறினால் வங்கி தருவதற்கு வரம்பு இருந்தது; இறங்கினாற் கூட்டுத்தாபனம் செலுத்தவேண்டியதோ பெருகிக்கொண்டே போயிற்று. 2008 நவம்பரில் உயர் நீதிமன்றம் கொடுப்பனவுகளை இடைநிறுத்தியும் பயனில்லை: டொய்ச்சே வங்கிக்கு மட்டும் ஆறு கோடி டொலருக்கு மேல் இலங்கை செலுத்தவேண்டுமென 2012இற் சர்வதேச நடுத்தீர்ப்பு மன்றம் தீர்த்தது.

அமெரிக்காவிலே 2010ஆம் ஆண்டு நிதிச் சீர்திருத்தச் சட்டம் எரிபொருளுக்கும் உச்ச அளவு விதிக்கப் பணித்தது. ஆணைக்குழு 2011இல் விதியை இயற்றியது. நிதி நிறுவனங்களின் சங்கங்கள் இரண்டு வழக்குத் தொடுத்தன. அளவு தேவையென்பதை முதலில் நிறுவவேண்டுமா என்பதிற் சட்டம் தெளிவாயில்லை என்று கூறி, 2012 செப்டெம்பரில், நடைமுறைக்கு வர இரு வாரங்களே இருக்கையில், நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. புதிய விதி 2020 ஒக்டோபரிலேதான் நிறைவேறியது. மசகெண்ணெயும் இயற்கை வாயுவும் அதனுள் அடங்கின. ஆணைக்குழுவின் ஐவருள் இருவர் எதிர்த்து வாக்களித்தனர்.