ஒரு சொல் பல பொருள்: மலைத்தோட்டத்து ‘லைன்’

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பகுக்கிறார். உடன்வரும் வினையே பொருளைப் பிரித்துக் காட்டும் சொல் ஒருவகை; வினையாலும் பிரியாதது மற்றொரு வகை. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு தன் பதினோராம் தொகுதியையே பல்பொருட் சொற்களுக்கு ஒதுக்கியது. இந்த இலக்கணம் செய்யுட்சொல்லோடு நின்றுவிடவில்லை. நம் பேச்சில் கலந்த ஆங்கிலக் கொச்சைக்கும் அது செல்லும். ‘லைன்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம்.

லைன் போய்விட்டது என்றால் மின்சாரம். லைன் கிடைக்கவில்லை என்றால் தொலைபேசி. ‘அவளுக்கு லைன் போடுறான்’ என்றால் காதல் முயற்சி. ‘நீங்க எந்த லைன்ல இருக்கீங்க?’ என்றால் தொழில். திரைக்கதை பேசுவோருக்கு ‘ஒன் லைன்’ கதைச்சுருக்கம். ரயில் நிலையத்தில் பிறந்த ‘லைன் கிளியர்’ இன்று தடை நீங்கிய எந்தக் காரியத்துக்கும் வழங்குகிறது. இவற்றிலெல்லாம் வினையோ அடுத்து நிற்கும் சொல்லோ பொருளைத் தெளிவாக்கிவிடுகிறது; இவை முதல் வகை.

இரண்டாம் வகைக்குச் சேர்வராயன் மலைக்கு வர வேண்டும். குப்பனூர்ச் சாலையில் ஏற்காட்டுக்கு ஏறினால் வழியில் வரும் ஊர் கொட்டச்சேடு. காப்பித் தோட்டங்கள் சூழ்ந்த இந்த மலையில் ‘லைன்ல இருக்காங்க’ என்று ஒருவர் சொன்னால், தொலைபேசியில் காத்திருக்கிறார்களா, ரேஷன் கடை வரிசையில் நிற்கிறார்களா, தொழிலாளர் குடியிருப்பில் வசிக்கிறார்களா என்பதை வினை சொல்லாது. இவ்வகைச் சொல்லை வெளிப்படக் கிளந்து கூற வேண்டும் என்பதே தொல்காப்பியர் தரும் வழி. மலைமக்களும் ‘லைன் வீட்டுல’ என்று விளக்கியே சொல்கிறார்கள்.

அந்த வீட்டின் வரலாறு நீண்டது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இம்மலையில் காப்பியைப் பரப்பினார். தோட்டங்கள் பெருகியபோது தொழிலாளருக்கு ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் எழுந்தன. படைவீரர் குடியிருப்பை ‘லைன்ஸ்’ என்றழைத்த ஆங்கிலேயர், அதே பெயரை இதற்கும் வைத்தனர். கன்று நடக் கயிறு பிடித்து வரிசை குறிப்பதும் தோட்ட ஆங்கிலத்தில் ‘லைனிங்’தான். செடியையும் மனிதரையும் ஒரே சொல்லால் வரிசைப்படுத்திய காலம் அது.

சேலம், திருச்சி, மதுரைப் பகுதிகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் நாவில் இச்சொல் ‘லயன்’ என்றும் ‘லயம்’ என்றும் ஆனது. போர்த்துக்கீசிய வழிவந்த ‘காம்பரா’வுடன் சேர்ந்து ‘லயக் காம்பரா’ என்ற தொடர் பிறந்தது. மலேசியத் தோட்டங்களிலும் ‘லயம்’ வாழ்கிறது. இசையின் லயத்துக்கும் இதற்கும் உறவில்லை. கடன்சொல் தமிழ் ஒலிக்குள் முழுமையாகக் குடியேறியதன் அடையாளம் இது.

ஆகவே கொச்சை என்று இவற்றைத் தள்ளுவது தவறு. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி தமிழின் பெருஞ்செல்வம். 1992இல் வந்த க்ரியா அகராதி தற்காலப் பயன்பாட்டுக்கு உரிய இடம் தந்தது. அடுத்த பணி தோட்டத்தமிழுக்கு உரியது. கங்காணி (தொழிலாளர் மேற்பார்வையாளர்), பெரட்டு (காலை ஆள்கணக்கெடுப்பு), லைன் என உழைப்போர் ஆண்ட சொற்களைப் பொருளோடும் எடுத்துக்காட்டோடும் தொகுக்க வேண்டும். பழைய தோட்டத் தொழிலாளர்கள் நம்மிடையே இருக்கும்போதே, ஏற்காட்டுப் பள்ளி கல்லூரி மாணவர்கள் இப்பணியைத் தொடங்க வேண்டும் என்பது நான் விடுக்கும் வேண்டுகோள்.