முக்காலி வளர்ந்த வரலாறு

மனிதன் அமர்வதற்கென்று செய்துகொண்ட பொருள்களுள் மிக எளியது முக்காலி. மூன்று கால்களை உடைமையால் அஃது அப்பெயர் பெற்றது. மேடுபள்ளமான தரையில் நாற்காலி ஆடும். முக்காலியோ ஆடாது நிற்கும். ஆயினும் அதற்கு ஒரு குறை உண்டு. அதன் உயரம் என்றும் ஒன்றே. அமர்பவரின் உயரமோ ஆளுக்கு ஆள் வேறு. இக்குறை நீங்கிய வரலாறு மாணாக்கரும் ஆசிரியரும் அறியத் தக்கது.

மரத்தை அறுத்து வளைவாகச் செதுக்கினால் அதன் நார் அறுபடும், வலிமை குன்றும். ஜெர்மனியின் போப்பார்ட் நகரில் 1796ஆம் ஆண்டு பிறந்த மைக்கேல் தோனெட் என்னும் தச்சர் இதற்கு வழி கண்டார். பீச் மரக் கழிகளை நீராவியில் பதப்படுத்தி, இரும்பு அச்சில் வளைத்துப் பூட்டி உலரவிட்டார். நார் அறுபடாமலே மரம் வளைந்தது. 1859ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய 14ஆம் எண் நாற்காலி ஆறே மரத்துண்டுகளால் ஆனது. பிரித்து அடுக்கினால் ஒரு கனமீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். இவ்வகை வளைமர நாற்காலிகள் கடல் கடந்து பரவின. மலாயா, சிங்கப்பூர்க் காப்பிக்கடைகளிலும் பளிங்கு மேசைகளைச் சூழ்ந்து அவை இடம்பெற்றன.

அதே நூற்றாண்டில் பியானோ வாசிப்போருக்கெனத் திருகு முக்காலி வழக்கிற்கு வந்தது. இருக்கையின் அடியில் திருகாணித் தண்டு ஒன்று இருக்கும். இருக்கையை ஒரு பக்கம் சுழற்றினால் உயரும். மறுபக்கம் சுழற்றினால் தாழும். சிறுவனும் முதியவரும் ஒரே இருக்கையில் தத்தமக்கேற்ற உயரத்தில் அமர முடிந்தது.

இருபதாம் நூற்றாண்டில் மெல்லிய மரத்தாள்களைப் பசையிட்டு அடுக்கி, அச்சில் அழுத்தி உருவாக்கும் முறை வளர்ந்தது. பின்லாந்து நாட்டுக் கட்டடக்கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ 1933ஆம் ஆண்டளவில் ஒரு முக்காலியை வடிவமைத்தார். பர்ச் மரக் காலின் நுனியில் பிளவுகள் இட்டு, அவற்றுள் மரத்தாள்களைச் செருகி ஒட்டிச் செங்கோணமாக வளைத்தார். காலே இருக்கையைத் தாங்கும் கையாகவும் ஆயிற்று. அமெரிக்காவில் சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இரண்டாம் உலகப் போரின்போது காயமுற்ற கடற்படையினருக்காக ஒட்டுப்பலகையால் கால் தாங்கிகள் செய்தனர். போருக்குப் பின் அவ்வறிவே உடலின் வளைவுக்கு இயைந்த நாற்காலிகளாக மலர்ந்தது. புண்பட்ட காலுக்கு உதவிய கலை, பின்னர் நலமுடையோர் அமரவும் உதவியது.

1972ஆம் ஆண்டு நார்வே நாட்டுப் பீட்டர் ஓப்ஸ்விக் என்பவர், தம் இளமகன் உணவு மேசையில் கால்கள் அந்தரத்தில் தொங்க அமர்ந்திருந்ததைக் கண்டார். அக்காட்சியிலிருந்து ‘டிரிப் டிராப்’ என்னும் மர நாற்காலி பிறந்தது. அதன் இருபுறச் சட்டங்களிலும் வரிசையாகப் பள்ளங்கள் உள்ளன. குழந்தை வளர வளர, இருக்கைப் பலகையையும் பாதப் பலகையையும் வேறு பள்ளங்களுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அச்சில் வார்த்த மர இருக்கையும் உயரம் மாற்றும் தண்டும் ஒன்றுசேர்ந்த இன்றைய முக்காலி, இத்தனை பேர் உழைப்பின் விளைவாகும். பாதம் தரையில் ஊன்றாத குழந்தைக்குத் தொடை அழுந்தும். உடல் அமைதி கொள்ளாது. கருத்தும் பாடத்தில் நில்லாது. அக்குழந்தையை அடங்காதவன் எனக் கடிவதற்கு முன், அவன் அமர்ந்திருக்கும் பலகையை ஒருமுறை நோக்குதல் நன்று. இருக்கைக்காக மனிதன் அல்லன்; மனிதனுக்காகவே இருக்கை. முக்காலியின் வரலாறு புகட்டும் பாடம் இதுவே.