குருத்தெலும்பு

தில்லி மயூர் விஹார் உத்தர குருவாயூரப்பன் கோயில் வாசலில் ஒரு மலையாளப் பாட்டி, பேரனின் முழங்காலுக்கு மேலிருந்த கெட்டியான புடைப்பைத் தடவிக் காட்டி 'எல்லு' என்றார். நமக்கு எலும்பு, கன்னடத்தில் எலுபு, வேர் ஒன்றுதான். திருக்குறளில் 'என்பு'.

எக்ஸ்ரேயில் அது ஆஸ்டியோகாண்ட்ரோமா என்று தெரிந்ததாம். தீங்கற்ற எலும்புக் கட்டிகளில் அதிகம் காணப்படுவது இது. இதைப் புரிந்துகொள்ள 'குருத்தெலும்பு' என்ற சொல்லே போதும். குருத்து என்பது விரியாத இளந்தளிர். வாழையில் புது இலை விரிவது அதிலிருந்துதான். பிள்ளைகளின் கை கால் எலும்புகளும் முனையருகே உள்ள குருத்தெலும்புத் தட்டிலிருந்தே நீள்கின்றன. எத்தனை பொருத்தமான பெயர்!

அந்தத் தட்டிலிருந்து விலகிய துணுக்கு பக்கவாட்டில் வளர்வதே இக்கட்டி. அதன் தலையில் குருத்தெலும்புத் தொப்பி இருக்கும். பதின்வயது முடிவில் தட்டு மூடி உயரம் நிற்கும்போது, பெரும்பாலும் கட்டியின் வளர்ச்சியும் நின்றுவிடும். வலியோ இடைஞ்சலோ இல்லையென்றால் அறுக்க வேண்டாம். உயரம் நின்ற பிறகும் அது பெருத்தாலோ, புதிதாக வலித்தாலோ தாமதிக்கக் கூடாது. அரிதாக அந்தத் தொப்பியில் புற்று தோன்றுவதுண்டு.

பாட்டி பேரனின் காலிலிருந்து கையை எடுக்கவே இல்லை.